கிரிப்டோ வாலட் முகவரியை ஒரு தளத்தோடு இணைப்பது: கேட்டவையும் என் பதில்களும்

என் முகவரியைக் கொடுத்தாலே போதாதா? தளம் கேட்கும் கையொப்பம் எதற்கு?

முகவரி எல்லார் கண்ணிலும் படும்படி கிடப்பது. எத்தீரியம் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் யாருடைய முகவரியையும் நகலெடுத்து 'இது என்னுடையது' என்று சொல்லிவிடலாம். கையொப்பம் போட பிரைவேட் கீ, அதாவது வாலட்டின் ரகசியச் சாவி, வேண்டும். வாசகத்தையும் கையொப்பத்தையும் வைத்தே போட்டது எந்த முகவரி என்று கணக்கிட்டுவிடலாம், கீ உங்கள் வாலட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. பரிவர்த்தனைக்கு நெட்வொர்க் வாங்கும் கேஸ் கட்டணமும் கிடையாது.

அப்படியென்றால் கையொப்பத்தால் ஆபத்து இல்லைதானே?

இருக்கிறது, தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். கேஸ் கேட்கவில்லை என்பதால் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'பெர்மிட்' என்று ஒரு வகைக் கையொப்பம் உண்டு, அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் டோக்கனை, அதாவது வாலட்டில் உள்ள டிஜிட்டல் நாணயத்தை, எடுக்கும் அனுமதி இன்னொருவர் கைக்குப் போய்விடும். உள்நுழைவுக்கான ஈஐபி 4361 என்ற தரப்படுத்திய வாசகத்தில் தளத்தின் டொமைன், உங்கள் முகவரி, எந்த பிளாக்செயின் என்று சொல்லும் செயின் எண், ஒருமுறை மட்டும் செல்லும் நான்ஸ் என்ற குறியீடு எல்லாம் படிக்கிற மாதிரி இருக்கும். டொமைன் நீங்கள் இருக்கும் தளத்தோடு பொருந்தாவிட்டால் மூடிவிடுங்கள். வாலட்டை மீட்கும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் கேட்டால் அது திருட்டு, வேறு விளக்கமே கிடையாது.

என் காயின் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது, அந்த முகவரியை இணைக்கலாமா சார்?

முடியாது. கீ எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது, உங்களால் கையொப்பமிட முடியாது.

தளம் நடத்துகிறேன். பயனர் நிஜமாகவே செயல்பட்டாரா என்று எதை வைத்துப் பார்ப்பது?

இந்த நிமிட இருப்பை வைத்துப் பார்க்காதீர்கள், கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிவிடலாம். முன்கூட்டி அறிவிக்காத, கடந்துபோன ஒரு பிளாக் (செயினில் வரிசையாகச் சேரும் பரிவர்த்தனைத் தொகுப்பு) எண்ணில் இருப்பைப் பாருங்கள். அப்புறம், டிரான்ஸ்ஃபர் பதிவுகளை அப்படியே நம்பவேண்டாம், போலி டோக்கன் கான்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) ஒன்று யாருடைய முகவரியிலிருந்தும் பணம் போனதாகப் பதிவு எழுத முடியும். பரிவர்த்தனையை அனுப்பியவர் யார், நீங்கள் ஏற்றுக்கொண்ட கான்ட்ராக்ட்தானா என்று இரண்டையும் சரிபார்க்கவேண்டும். எத்தீரியத்தில் பிளாக் இனி மாறாது என்று உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடம் ஆகும், அதுவரை பொறுங்கள். பலர் சேர்ந்து வைத்திருக்கும் மல்டிசிக் வாலட் வந்தால் சாதாரணக் கையொப்பச் சோதனை தோற்கும், அதற்கு கையொப்பம் சரியா என்று அந்த வாலட் கான்ட்ராக்டிடமே கேட்கும் ஈஆர்சி 1271 முறை வேண்டும்.

ஒருவரே ஐம்பது முகவரி வைத்திருந்தால்?

ஐம்பதும் கையொப்பச் சோதனையில் தேறிவிடும். கீ கையில் இருக்கிறது என்பது மட்டுமே அங்கே நிரூபணமாகிறது, ஆள் ஒருவர்தான் என்பது இல்லை. முதல் பணம் எங்கிருந்து வந்தது, ஒரே வரிசையில் ஒரே வேலைகள் நடந்திருக்கிறதா என்று தேடலாம். ஆனால் ஒரே எக்ஸ்சேஞ்ச் வாலட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோருக்குப் பணம் போகும். அதை மட்டும் வைத்து ஒருவரை வெளியேற்றுவது அநியாயம்.

இணைத்ததைத் துண்டித்தால் எல்லாம் அழிந்துவிடுமா?

இல்லை. இந்த முகவரிகள் ஒரே ஆளுடையவை என்பது அவர்கள் தரவில் இருக்கலாம், முன்பு கொடுத்த டோக்கன் அனுமதிகளும் அப்படியே இருக்கும், அவற்றைத் தனிப் பரிவர்த்தனையாகத்தான் ரத்து செய்யவேண்டும். சேமிப்பு வாலட்டை எங்கும் இணைக்காமல், இதற்கென்று வேறொன்றைத் தொடங்குங்கள். ஆனால் சேமிப்பு வாலட்டிலிருந்து நேராக அதற்குப் பணம் அனுப்பினால் இரண்டும் ஒருவருடையது என்று செயினிலேயே தெரிந்துவிடும்.