ஃபேன் வாங்கும் முன் இறவாரத்தைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்குச் சாய்வான கூரை. அதற்கும் உட்கூரைக்கும் நடுவில் ஆள் குனிந்து போகும் உயரத்தில் பரண் இருக்கிறது. மாடி அறையில் நள்ளிரவு வரை அனல் தாங்க முடியவில்லை. முகட்டருகே எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தியும் பலனில்லை. கைமரங்களில் கரும்புள்ளிகள் வேறு தோன்றியிருக்கின்றன. குளியலறை ஃபேனின் குழாய் பரணில்தான் முடிகிறது. ஆனால் அதிலிருந்து தண்ணீர் எதுவும் சொட்டவில்லை. இன்னும் பெரிய ஃபேன் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டார்ச் விளக்கோடு பரணில் ஏறி, கூரை சுவரைச் சந்திக்கும் ஓரத்துக்குப் போய்ப் பாருங்கள். இறவாரத்தின், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பின், அடியில் காற்று நுழைய வழி இருக்கிறதா? அநேகமாக இருக்காது. உள்ளே வரும் காற்றைத்தான் வெளியே தள்ள முடியும். கீழ்வழி அடைபட்டிருந்தால், மேலே சுழலும் ஃபேன் உட்கூரையின் இடுக்குகள் வழியாக உங்கள் அறைக் காற்றையே உறிஞ்சும். வீட்டுக்குள் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி இருந்தால் இது ஆபத்தாகவே முடியலாம். புகைபோக்கியில் மேலே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பிவிடும். அந்த ஃபேனை இன்றே நிறுத்திவிடுங்கள்.

இந்த அடைப்பை நானே என் வீட்டில் உண்டாக்கியிருக்கிறேன். பரணில் கண்ணாடி நார்ப் பஞ்சு விரித்தபோது, ஓர் இடுக்கும் விடக் கூடாது என்று இறவாரம் வரை திணித்தேன். அடுத்த குளிர்காலத்தில் கூரைப் பலகையின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. ஆணி முனைகள் எல்லாம் துரு. இரண்டு பலகைகளில் ஸ்க்ரூ டிரைவர் முனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. பஞ்சை ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, அதற்கும் கூரைக்கும் இடையில் ஓர் அங்குலச் சந்து நிற்கும்படி கைமரங்களுக்கிடையே மெல்லிய தடுப்புப் பலகை அடித்த பிறகுதான் பரண் உலர்ந்தது.

உங்கள் கரும்புள்ளிகளுக்கு வருகிறேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொட்டாது, அதில் வருவது ஆவி. குளிர்ந்த பலகையைத் தொட்டதும் அது நீராகிறது, மரத்தில் ஊறுகிறது, பூஞ்சை பிடிக்கிறது. அந்தக் குழாயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் முடியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். கையோடு, உட்கூரையில் விளக்கு ஒயர் ஏறும் துளைகளையும் பரண் கதவின் ஓரங்களையும் அடைத்துவிடுங்கள்.

காற்று வந்துபோகும் திறப்புக்கு அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள கணக்கு, பரண் தரைப்பரப்பில் 150-இல் ஒரு பங்கு. 900 சதுர அடிப் பரணுக்கு 6 சதுர அடி. பாதி இறவாரத்தில், பாதி முகட்டில். சூடான காற்று முகட்டு வழியே தானாக வெளியேற, அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று ஏறி வரும்; மின்சாரம் தேவையில்லை. கொசுவலை அடித்தால் பாதித் திறப்பு வலையிலேயே போய்விடும், தூசியும் அடைக்கும். கால் அங்குலக் கண் கொண்ட துருப்பிடிக்காத கம்பிவலை போதும், பறவை நுழையாது. வேலை முடிந்ததும் நடுப்பகலில் இறவாரத் திறப்பருகே மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது உள்நோக்கிச் சாய்ந்தால் காற்று ஓடுகிறது.

ஆனால் காற்றோட்டத்தால் மட்டும் மாடி அறை குளிர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலில் காய்ந்து சூடேறிய கூரை, காற்றின் துணையில்லாமலே கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். அதைத் தடுக்க உட்கூரையின் மேல் போதிய கனத்தில் பஞ்சு வேண்டும். மரம் அழுகாமல் காப்பது காற்று. உங்கள் தூக்கத்தைக் காப்பதில் பெரும்பங்கு பஞ்சுக்கு.

கேள்வி: குளிர்காலத்தில் பரண் திறப்புகளை மூடிவைத்தால் வீடு கதகதப்பாக இருக்குமா?

பதில்: மூடாதீர்கள். ஆவி நீராக மாறும் காலமே அதுதான். கதகதப்பு உட்கூரைக்குக் கீழே நிற்க வேண்டும். பரண் வெளிக்காற்றைப் போலக் குளிர்ந்து உலர்ந்து கிடக்கட்டும். பனி பொழியும் ஊரென்றால் இன்னொரு காரணமும் உண்டு. பரண் சூடானால் கூரைப் பனி உருகி வழிந்து, குளிர்ந்த இறவாரத்தில் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். அதன் பின்னால் தேங்கும் நீர் கூரைக்குள் புகுந்து சுவரில் இறங்கும்.