பட்டறை பதில்கள்: பழைய டிராக்டர்ல புல்வெட்டி மாட்டுறது

கேள்வி: அண்ணே, எங்க ஐயா காலத்துல வாங்குன சாம்பல் கலர் ஃபெர்குசன் டிஇ 20, பெட்ரோல் வண்டி, ரொம்ப வருஷமா ஷெட்ல கெடந்துச்சு, இப்பதான் ஓடுற கண்டிஷனுக்கு கொண்டு வந்தோம். பழைய இரும்புக் கடையில 4 அடி ஸ்லாஷர் ஒண்ணு, அதான் பிளேடு சுத்தி வெட்டுற புல்வெட்டி, கெடச்சுது. ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் தோப்புல புல்லு இடுப்பளவு நிக்குது, அதை வெட்டத்தான். மூணு பின்னும் மாட்டியாச்சு, ஆனா ஸ்லாஷரோட ஷாஃப்ட் பிடிஓல, அதான் எஞ்சின் சக்தியை பின்னாடி மாட்டுற சாமானுக்குக் குடுக்குற தண்டுல, லொடலொடன்னு ஆடுது. லேத்ல ஒரு புஷ் கடைஞ்சு வெல்டிங் வச்சுடலாம்னு மெக்கானிக் சொல்றாரு, செய்யலாமா?
- பள்ளத்தூர் வாசகர்

பதில்: வெல்டிங் வேண்டாம் தம்பி. மூணு பின்னும் மக்கர் பண்ணாம உக்காந்ததுல ஆச்சரியமே இல்ல, இன்னைக்கு எல்லா டிராக்டர் பின்னாடியும் இருக்குற அந்த மூணு பாயின்ட் இணைப்பே ஹாரி ஃபெர்குசன் கொண்டு வந்ததுதான். கீழ பின் 22 மில்லி, மேல டாப் லிங்க் பின் 19 மில்லி, அன்னைக்கு வந்த அளவு சின்ன டிராக்டர்ல இன்னைக்கும் ஓடுது. பிடிஓதான் மாறிப்போச்சு. காலிப்பர் வச்சு அளந்து பாருங்க, உங்க வண்டியில பிடிஓ தண்டோட கனம் 1 1/8 இன்ச் இருக்கும், ஸ்லாஷர் பக்கம் 1 3/8 இன்ச் இருக்கும், ரெண்டுலயும் 6 பல்லுதான், அதான் ஏறிடுது ஆனா கவ்வ மாட்டேங்குது.

ஆனா நீங்க கேக்காத ஒரு விஷயம்தான் இதுல பெரிய விஷயம். ஸ்லாஷரை ஓட்டுறது சுலபம், வண்டியை நிறுத்துறதுதான் கஷ்டம். இந்த வண்டிக்கு ஒரே கிளட்ச், பிடிஓவும் சக்கரமும் கியர் பாக்ஸ் வழியா ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. நீங்க கிளட்சை அமுக்குனா எஞ்சின் மட்டும்தான் பிரியும், கீழ அந்த கனமான பிளேடு சுத்துற வேகம் அடங்காது, அது பிடிஓ ஷாஃப்டை திருப்பும், ஷாஃப்ட் கியர் பாக்ஸை திருப்பும், கியர் பாக்ஸ் சக்கரத்தை திருப்பும், நீங்க கிளட்ச் மேல ஏறி நின்னாலும் வண்டி பாட்டுக்கு முன்னாடி போய்க்கிட்டே இருக்கும். முன்னாடி ஊருணிச் சுவரோ கெணத்து மேடையோ இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இதுக்கு மருந்து ஓவர்ரன்னிங் கிளட்ச். சைக்கிள்ல பெடலை நிறுத்தினாலும் சக்கரம் தனியா ஓடுதுல்ல, அதே ஃப்ரீவீல் கதைதான், எஞ்சின் ஸ்லாஷரை சுத்தலாம், ஸ்லாஷர் திருப்பி வண்டியை தள்ள முடியாது. இதுல ஒரு பக்கம் 1 1/8, இன்னொரு பக்கம் 1 3/8 உள்ளதாவே கெடைக்குது, ஒரே சாமான்ல உங்க ரெண்டு பிரச்சனையும் தீரும். ஆர்டர் போடும்போது ரெண்டு அளவையும் தெளிவா சொல்லிடுங்க, வெறுமனே அடாப்டர்னு கேட்டா சும்மா ஒரு ஸ்லீவைத்தான் குடுப்பாங்க.

அதை மாட்டினா பின்னாடி ஒரு மூணு நாலு இன்ச் நீளம் கூடிடும், அதனால ஷாஃப்டை அதுக்கு அப்புறம்தான் அளக்கணும். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு செயின் புல்லியில ஸ்லாஷரை ஏத்தி எறக்கிப் பாருங்க, எந்த உயரத்துல ஷாஃப்ட் ரொம்ப குறுகுதோ அங்கயும் உள்குழாய் முட்டாம ஒரு இன்ச்சாவது மிச்சம் இருக்கணும், முட்டுனா பிடிஓ பேரிங்தான் அடி வாங்கும். அதே சமயம் ரொம்ப நீளுற உயரத்துல குழாய்க்குள்ள குழாய் மூணுல ஒரு பங்காவது இருக்கணும், இல்லேன்னா ஓடும்போது பிரிஞ்சு ஷாஃப்ட் சாட்டையடி அடிக்கும். அறுக்கறதா இருந்தா உள்குழாய் வெளிக்குழாய் ரெண்டுலயும் சம அளவு அறுத்து, பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவி சொருகுங்க. சொருகும்போது ரெண்டு முனையிலயும் கவை மாதிரி இருக்குற யோக்கு ஒரே வாக்குல நிக்குதான்னு பாருங்க, கால் திருப்பு மாறிச்சுன்னா கூட வண்டி அதிரும், கிராஸ் பேரிங் சீக்கிரம் போயிடும்.

இன்னொண்ணு, இந்த வண்டியில ஹைட்ராலிக் பம்பே பிடிஓ மூலமாத்தான் சுத்துது. பிடிஓ லீவரை எடுத்துட்டா லிஃப்ட் வேலை செய்யாது, கிளட்சை அமுக்கினாலும் செய்யாது. அதனால ஸ்லாஷரை தூக்கும்போது பிளேடு சுத்திக்கிட்டேதான் இருக்கும், பக்கத்துல ஆள் நிக்கவே கூடாது. நீங்க வச்ச உயரத்துலயே நிக்கிற பொசிஷன் கன்ட்ரோலும் இதுல கெடையாது, அது அந்தக் காலத்துல உழவுக்குன்னு செஞ்ச லிஃப்ட். ஸ்லாஷருக்கு வால் சக்கரம் இருந்தா உயரத்தை அதுலயே வச்சுக்குங்க, முன்பக்கத்துக்கு ரெண்டு செயின் போட்டு கட்டிடுங்க, லிஃப்டை நம்பி ஓட்டாதீங்க.

வேகம், எஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 1500 சுத்துல இருக்கும்போது பிடிஓ 540ஐ ஒட்டி வரும், அதுக்கு மேல முறுக்க வேண்டாம். கியர் முதலாவது போதும். அடிக்கு 5 குதிரை சக்தின்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு, உங்க வண்டிக்கு 4 அடி சரியா இருக்கும், அடுத்து யாராவது 6 அடி கொண்டு வந்து குடுத்தா வாங்காதீங்க.

ஸ்லாஷர் பக்கம் வந்தா, கியர் பாக்ஸ்ல பழைய எண்ணெய வடிச்சுட்டு 90 கியர் ஆயில் ஊத்துங்க. பிளேடு மாட்டுற போல்ட்ல பிளேடு கையால திருப்பினா தாராளமா ஆடணும், கல்லுல பட்டா மடங்கத்தான் அப்படி வச்சிருக்கான். கெடந்த சாமான்ல அது துருப்பிடிச்சு இறுகியிருக்கும், டீசல் ஊத்தி ஊற வச்சு விடுவிச்சுடுங்க. நம்ம ஊரு செம்மண்ல செம்புறாங்கல்லு எங்க தலைய நீட்டும்னு சொல்ல முடியாது, தோப்புல குவாட்டர் பாட்டிலுக்கும் பஞ்சமில்ல, அதனால வண்டி எறக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ நடந்து பாத்துடுங்க. ஷாஃப்ட் மேல பிளாஸ்டிக் கவர் கண்டிப்பா வேணும். 540னா ஒரு செகண்டுக்கு 9 சுத்து, லுங்கி நுனி பட்டா கத்துறதுக்குக் கூட நேரம் இருக்காது. பேன்ட் போட்டுக்கிட்டு ஓட்டுங்க, தோள்ல துண்டு வேண்டாம், ஐயா வேட்டியிலதான் ஓட்டினாருன்னு சொன்னா அவரு பின்னாடி கலப்பையத்தான் இழுத்தாரு.

கேள்வி: பி 275 டிராக்டர்ல, சைடுல நீட்டிக்கிட்டு கத்தி முன்னும் பின்னும் ஓடுற பழைய மோவர் மாட்டியிருக்கேன். ஓடுது, ஆனா புல்லை வெட்டாம மென்னு மடக்கிப் போடுது. கத்தியெல்லாம் புதுசுதான்.
- தேவகோட்டை வாசகர்

பதில்: கத்தி புதுசா இருந்து பிரயோஜனம் இல்லண்ணே, கீழ இருக்குற அடிப்பட்டை முனை மழுங்கியிருக்கும், அதுவும் கத்தியும் ஒட்டி ஓடினாத்தான் வெட்டும். மேல அமுக்குற கிளிப்பை சுத்தியல்ல லேசா தட்டி, கத்தி கையால தள்ளினா ஓடணும் ஆனா மேல எழும்பக் கூடாதுங்கற அளவுக்கு வைங்க. அப்புறம் கத்தி ஒரு கோடிக்கு வந்து நிக்கிறப்ப கத்தியோட ஒவ்வொரு முக்கோணமும், பாருல முன்னாடி நீட்டிக்கிட்டிருக்குற இரும்பு விரல் நடுவுல நிக்குதான்னு பாருங்க, தள்ளி நின்னா கத்தியை முன்னும் பின்னும் தள்ளுற பிட்மேன் கம்பு நீளத்தை சரி பண்ணணும். பாரோட வெளி முனை கொஞ்சம் முன்னாடி நிக்கணும், அடிக்கு கால் இன்ச் கணக்கு, 5 அடி பாருக்கு ஒண்ணேகால் இன்ச், ஏன்னா வெட்டும்போது புல்லு அதை பின்னாடி தள்ளி நேராக்கிடும். பழைய வண்டியில கீல் பின் தேஞ்சு பார் பின்னாடி தொங்கிப் போயிருக்கும், நான் முதல்ல அதைத்தான் பாப்பேன்.

கேள்வி: ஸ்லாஷரை வச்சு சீமைக்கருவேலத்தை ஒழிக்கலாமா?
- கண்டனூர் வாசகர்

பதில்: விரல் மொத்தத்துல இருக்குற கன்னை வெட்டும், ஒழிக்காது. அடியில வெட்டுன இடத்துலயே நாலு கெளையா துளுக்கும், வெட்டிப்போட்ட முள்ளு டயர்ல ஏறும். வேரோட பெயர்த்து எடுத்துட்டு அப்புறம் புல்லுக்கு ஸ்லாஷரை எறக்குங்க, ஜேசிபி வாடகை பஞ்சர் செலவை விட கம்மியாத்தான் வரும்.