அண்ணன் கையெழுத்திட மறுக்கும் கூட்டு வீடு

வணக்கம். தந்தை விட்டுச்சென்ற தரைவீட்டை விற்க மூவரும் ஒப்புக்கொண்ட பிறகு அண்ணன் கையெழுத்திட மறுப்பதாகவும், அவரைக் கட்டாயப்படுத்த இயலுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

வீடு இன்னும் தந்தையின் பெயரிலேயே இருந்தால் நிலைமை வேறு என்பதால், முதலில் சிங்கப்பூர் நில ஆணையத்தில் உரிமைப் பதிவைப் பாருங்கள்.

"சரி, வித்துடலாம், மூணு பங்கா பிரிச்சுக்குவோம்" என்று அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள். குடிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு நில ஒப்பந்தத்துக்குக் கையொப்பமிட்ட எழுத்துச் சான்று கேட்கிறது. மின்னஞ்சலும் அதற்குப் போதுமானதாகலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் ஏற்றிருக்கிறது. ஆயினும் விலையோ காலக்கெடுவோ இல்லாத அந்த வரியை, சட்டப்படி கட்டுப்படும் நோக்கமில்லாத வெறும் குடும்பப் பேச்சு என்று அவருடைய வழக்கறிஞர் வாதிடுவார் என்பதால், அதை மட்டுமே நம்பி வழக்குத் தொடுப்பதை நான் விரும்பமாட்டேன்.

உடன்பாடே இல்லாவிட்டாலும், கூட்டு உரிமையாளர் ஒருவர் கேட்டால், பாகப்பிரிவினைக்குப் பதிலாக விற்பனைக்கு உத்தரவிடும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. உறவு எந்த அளவுக்கு முறிந்திருக்கிறது, வெளியேற்றினால் அண்ணனுக்கு எத்தகைய இன்னல் நேரும் என்பனவற்றை நீதிபதி எடைபோடுவார். ஆகவே, மதிப்பீட்டு விலையில் உங்கள் பங்குகளை அவரே வாங்கிக்கொள்ளலாம் என்று வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் பிடிவாதம் அங்கேயே தளர்ந்துவிடும். உத்தரவுக்குப் பிறகும் அவர் மறுத்தால், அவருக்குப் பதிலாக நீதிமன்றப் பதிவாளரே கையெழுத்திடலாம்.