மெயில் டிராக்கர் ‘திறந்தார்’ என்று காட்டினால் நம்பலாமா?

வேலைக்கு விண்ணப்பித்து மெயில் போட்டேன், மெயில் திறக்கப்பட்டதா என்று சொல்லும் டிராக்கர் மென்பொருள் மூன்று முறை திறந்ததாகக் காட்டுகிறது, பதில்தான் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

டிராக்கர் உங்கள் மெயிலில் 1×1 பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றைச் செருகுகிறது. படம் இருப்பது டிராக்கர் நிறுவனத்தின் சர்வரில். மெயிலில் போவது அதன் முகவரி மட்டும். அந்த முகவரி ஒவ்வொரு மெயிலுக்கும் வேறு. மெயிலைக் காட்டப் படத்தை யார் அந்த சர்வரிடம் கேட்டாலும் நேரம், ஐபி முகவரி (இணையத்தில் கேட்டவரின் எண்), கேட்ட மென்பொருளின் பெயர் ஆகியவை சர்வரில் பதிவாகும். இதைத்தான் ‘திறந்தார்’ என்கிறார்கள். கேட்டது மனிதரா இயந்திரமா என்பது அந்தப் பதிவில் இல்லை.

2021 செப்டம்பரில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து இந்தக் குழப்பம் பெரிதாகிவிட்டது. ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர் மெயிலைத் தொடாவிட்டாலும், ஆப்பிளின் சர்வர்கள் வழியாகப் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். அலுவலக மெயில்களில் பாதுகாப்பு ஸ்கேனர் மெயிலில் உள்ள இணைப்புகளை (லிங்க்) கூடத் திறந்து சோதிக்கும்; அனுப்பிய சில நொடிகளிலேயே ‘கிளிக்’ விழுந்தால் பெரும்பாலும் அதன் வேலைதான். மெயிலை வேறொருவருக்கு ஃபார்வர்டு செய்தால், அவர் திறப்பதும் முதலாமவர் கணக்கில் ஏறலாம்.

தலைகீழாகவும் தவறும். படங்களைத் தடுத்து வைத்திருப்பவர் பத்து முறை படித்தாலும் பூஜ்யம்தான். ஜிமெயில் சுமார் 102 கேபி-க்கு மேல் போகும் மெயிலை வெட்டிவிடும். கடைசியில் இருக்கும் பிக்சலும் அதோடு போகும். ஐபி-யை வைத்து டிராக்கர் காட்டும் ஊரையும் நம்ப முடியாது: 2013 டிசம்பரிலிருந்து ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுப்பதால், பதிவாவது கூகுளின் ஐபி.

இவ்வளவு தவறும் ஒரு எண்ணுக்காக, மெயிலைப் பெறுபவரைக் கேட்காமலே வேவு பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. செய்திமடல் அனுப்புபவருக்கு மொத்தப் போக்கு தெரிய ஓரளவு உதவும். தனி மனிதருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

உங்களை யாரும் இப்படிப் பார்க்கக் கூடாது என்றால், கணினியில் ஜிமெயில் அமைப்புகளில் ‘பொது’ பகுதிக்குப் போய், வெளிப்புறப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி மாற்றிச் சேமியுங்கள். பிக்சல் நின்றுவிடும். ஆனால் மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தினால் அது டிராக்கரின் சர்வர் வழியாகப் போகக்கூடும். அதைப் படத்தடை நிறுத்தாது. சந்தேகம் வந்தால் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

விண்ணப்பத்துக்கு, ஒரு வாரம் பொறுத்து அதே மெயில் தொடரில் “கிடைத்ததா என்று ஒரு வரி சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள்.