பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வயிறு இறுகுகிறது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. என் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் கேட்க அழகான பெயர்தான், பொருளும் நல்ல பொருள். பள்ளியில்கூட யாரும் அதை வைத்துக் கேலி செய்ததில்லை.

வீட்டில் எல்லோரும் என்னைச் செல்லப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முழுப்பெயர் வெளியே வந்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்பா முதல் எழுத்தை அழுத்தி, கடைசி எழுத்தை வெட்டி நிறுத்துவார். பிறகு ஒரு விநாடி அமைதி. அதற்குள் 'இன்றைக்கு என்ன செய்தோம்' என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். மார்க் குறைந்தாலும் சாமான் உடைந்தாலும் அதே தொனி. அவர் ஒருநாளும் அடித்ததில்லை. இப்போது அவருக்கு 70 வயது, குரலை உயர்த்துவதே இல்லை.

ஆனால் ஆபீஸில் பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இன்றும் எனக்கு வயிறு இறுகுகிறது. சாவியை மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருப்பார்கள். போனில் 'நான் இன்னார் பேசறேன்' என்னும்போது பெயர் மட்டும் தொண்டைக்குள் போய்விடுகிறது. 'யாரு?' என்று திருப்பிக் கேட்டால் இரண்டாம் முறை இன்னும் மோசம். மீட்டிங்கில் ஒவ்வொருவராக அறிமுகம் செய்துகொள்ளும்போது, என் முறை வரும்வரை மற்றவர் பேசுவது எதுவும் காதில் ஏறாது.

கண்ணாடி முன் நின்று தினம் 100 முறை என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதம் செய்தும் பயனில்லை. இதில் விசித்திரம், நோட்டின் ஓரத்தில் நான் என்னையறியாமல் கிறுக்குவதெல்லாம் என் பெயரின் முதல் எழுத்தைத்தான்.

'பிடிக்கலேன்னா மாத்திடு' என்கிறார் கணவர். அப்பாவுக்குத் தெரிந்தால் நொறுங்கிப்போவார். பெயரை மாற்றலாமா? இல்லை, இது என் மனசின் கோளாறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கோளாறு எதுவும் இல்லை. பெயரின் ஒலியோடும் பொருளோடும் உங்களுக்குச் சண்டை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பெயர் உங்களை வந்தடைந்த தொனிதான் உறுத்துகிறது. இதைப் பிரித்துப் பார்ப்பது முக்கியம். சிலருக்கு ஒலி பிடிக்காது. சிலருக்குப் பெயர் வைத்தவரோடு மனத்தாங்கல். இறந்துபோன ஒருவரின் பெயரைச் சுமப்பவர்களுக்கு அது இரவல் சட்டை போல இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. ஒலி பிடிக்காதவருக்குப் பெயர் மாற்றம் பெரும்பாலும் உதவும். உங்களைப் போன்றவர்களுக்கு மாற்றம் மட்டுமே போதாது.

ஏன் என்று சொல்கிறேன். நாலரை மாதக் குழந்தையே மற்றப் பெயர்களைவிடத் தன் பெயரை அதிக நேரம் கவனித்துக் கேட்கிறது என்று 1995ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்கு வெகு முன்பே, 1959ல், நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லிச் சோதித்தார். கவனிக்காத மறு காதில் வந்ததில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குப் பிடிபட்டது, அவரவர் சொந்தப் பெயர். பெயருக்கு மனசின் வாசலில் காவல் குறைவு, பல நேரம் தட்டாமலே உள்ளே வந்துவிடும். அப்படி உள்ளே வரும் ஒன்றோடு வருடக்கணக்காகக் கண்டிப்பைச் சேர்த்துவைத்தால், 'பெயர் வந்தது, அடுத்து குற்றச்சாட்டு வரும்' என்று உடம்பு மனப்பாடம் செய்துகொள்ளும். யோசனை எழுவதற்குள் வயிறு இறுகிவிடும். நீங்கள் எழுதிய அந்த ஒரு விநாடி அமைதியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். என்ன தப்பு என்று தெரியாத நிலையில் காத்திருப்பது, திட்டைவிட ஆழமாகப் பதியும்.

அப்பா இப்போது குரல் உயர்த்துவதில்லை என்கிறீர்கள். ஆனால் உங்கள் முழுப்பெயரையும் சொல்வதில்லை என்று ஊகிக்கிறேன். அப்படியானால் பழைய பாடத்தைத் திருத்தப் புதுப் பாடம் வரவே இல்லை. சாந்தமான குரலில் முழுப்பெயரும், அதன் பின்னால் சாதாரணமான ஒரு விஷயமும் சேர்ந்து வந்தால்தான் முடிச்சு தளரும்.

கண்ணாடிப் பயிற்சி ஏன் தோற்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. எந்தச் சொல்லையும் இடைவிடாமல் சொன்னால் அது கொஞ்ச நேரத்துக்கு வெறும் சத்தமாகிவிடும், பிறகு பழைய அர்த்தம் திரும்பிவிடும். அதோடு, அங்கே சொல்பவர் நீங்கள், கேட்பவரும் நீங்கள். உங்கள் சிக்கலோ பிறர் குரலில், எதிர்பாராத நேரத்தில், முதுகுக்குப் பின்னால் வருவது.

இனி செய்ய வேண்டியது. முதல் 7 நாள் ஒரு சின்ன நோட்டு போதும். யார் பெயர் சொன்னாலும் யார் சொன்னார், எந்தப் பக்கமிருந்து, எந்தத் தொனியில், பிறகு என்ன விஷயம் வந்தது, இறுக்கம் 0 முதல் 10க்குள் எவ்வளவு என்று எழுதுங்கள். அப்போதே, இரண்டு நிமிடத்துக்குள் எழுத வேண்டும். இரவில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாமே 8, 9 என்றுதான் தோன்றும். இறுக்கமே இல்லாத தடவைகளையும் விடாதீர்கள். பலர் செய்யும் தவறு, மோசமானதை மட்டும் குறிப்பது.

அடுத்தது ஒலிப்பதிவு. உங்களிடம் அன்பாக இருக்கும் 3 பேரிடம் ஆளுக்கு 5 துண்டுகள் போனில் பதிந்து வாங்குங்கள். ஒவ்வொன்றும் இப்படி இருக்கட்டும்: உங்கள் பெயர், ஒரு விநாடி அமைதி, பிறகு 'ஜன்னல் திறந்திருக்கு', 'மணி ஆறாச்சு' போல ஒரு சப்பையான வாக்கியம். சப்பையாக இருப்பதுதான் இதில் மருந்து. பாராட்டு வேண்டவே வேண்டாம். 'நீ எவ்வளவு நல்லவ தெரியுமா' என்று வந்தால் மனசு நம்பாது, பெயரைச் சொன்னால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்ற பழைய எதிர்பார்ப்பும் மாறாமல் இருக்கும். அந்த ஒரு விநாடி அமைதியையும் வெட்டாதீர்கள். பழகிக்கொள்ள வேண்டியதே அதைத்தான்.

முதல் வாரம் மிக மென்மையான குரலின் 5 துண்டுகளை மட்டும், தினம் 10 நிமிடம், உட்கார்ந்து கேளுங்கள். இரண்டாம் வாரம் 15 துண்டுகளையும் வரிசை கலைத்து ஓடவிடுங்கள். மூன்றாம் வாரம் போனை முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டு, துணி மடிப்பது போல ஏதாவது வேலை செய்துகொண்டே கேளுங்கள். துண்டுகளுக்கு நடுவே சில நொடிகள் முதல் ஒரு நிமிடம்வரை ஒழுங்கில்லாத இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இறுக்கத்தின் எண்ணைக் குறியுங்கள். உச்சத்தில் இருக்கும்போது நிறுத்திவிட்டால் தப்பித்தோம் என்ற நிம்மதிதான் பதியும், பயம் அப்படியே நிற்கும். எண் பாதியாகக் குறையும்வரை, 20 நிமிடம் ஆனாலும், இருங்கள். 7க்கு மேல் போனால் சத்தத்தைக் குறையுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தாங்குவது பயிற்சி ஆகாது. 4 வாரம் முடியும்வரை பலன் உண்டா இல்லையா என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

போன் விஷயம் பாதி வாக்கிய அமைப்பின் கோளாறு. 'நான் இன்னார் பேசறேன்' என்பதில் பெயர் நடுவில் மாட்டிக்கொள்கிறது, தயங்குபவர் அதை விழுங்கி அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுவார். 'வணக்கம்' என்று சொல்லி நிறுத்துங்கள். மூச்சை விடுங்கள். அடுத்த மூச்சைப் பெயரில் தொடங்குங்கள், கடைசி எழுத்து முழுதாக ஒலிக்கட்டும். அப்பா வெட்டிய இடம் அதுதான், நீங்களும் அங்கேதான் விழுங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். 'யாரு?' என்று கேட்டால் வேகத்தைக் கூட்டாமல் அதே வேகத்தில் திருப்பிச் சொல்லுங்கள். மீட்டிங்கிலும் இதே முறைதான், முடிந்தால் முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். காத்திருக்கக் காத்திருக்கத்தான் எண் ஏறும்.

உளவியலாளர் ஈத்தன் க்ராஸும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2014ல் ஒன்றைக் கவனித்தார்கள். பதற்றமான நேரத்தில் 'நான்' என்று யோசிப்பதைவிடத் தன் பெயரையே சொல்லித் தன்னிடம் பேசுபவர்களால் சற்று விலகி நின்று நிலைமையைப் பார்க்க முடிகிறது. இதை நான் உங்களுக்கு மூன்றாம் வாரத்துக்குப் பிறகே சொல்வேன். பெயரோடு கண்டிப்பு ஒட்டியிருக்கும்போது இதைச் செய்தால், உள்ளுக்குள் அப்பாவின் தொனியிலேயே உங்களை நீங்கள் அதட்டுவீர்கள். தோழியிடம் பேசும் குரல் வருகிறதா என்று முதலில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கிறுக்கலை விசித்திரம் என்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தி. மனிதர்கள் தம் பெயரில் உள்ள எழுத்துகளைக் காரணம் தெரியாமலே மற்றவற்றைவிட விரும்புகிறார்கள் என்று பெல்ஜிய உளவியலாளர் நட்டின் 1985ல் எழுதினார். பெயரின் எழுத்து வடிவம் உங்களிடம் காயப்படாமல் இருக்கிறது, காயம் காதில்தான்.

அப்பா விஷயம். பழைய கணக்கைப் பிரித்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஒலிப்பதிவுகளுக்கான எண் 3க்குக் கீழே வந்த பிறகு, 'போன்ல என்னை முழுப்பேர் சொல்லியே கூப்பிடுங்கப்பா' என்று மட்டும் கேளுங்கள். ஏன் என்றால் 'உங்க குரல்ல கேக்கணும்போல இருக்கு' என்பது பொய் ஆகாது. முன்கூட்டியே கேட்டால் முதல் அழைப்பிலேயே வயிறு இறுகி, முயற்சி அங்கேயே நின்றுவிடும். கேட்க மனம் வராவிட்டால் விடுங்கள், மற்றக் குரல்களே போதும்.

பெயரை மாற்றுவது உங்கள் உரிமை. அதற்கு அப்பாவின் சம்மதமோ என் சம்மதமோ தேவையில்லை. இப்போதே மாற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் பழைய பெயர் சான்றிதழ்களிலும் பழகியவர்கள் வாயிலும் வருடக்கணக்கில் வந்துகொண்டேதான் இருக்கும், அப்போதெல்லாம் வயிறு இறுகும். பயிற்சி முடிந்த பிறகும் வேறு பெயர் வேண்டும் என்று தோன்றினால், 90 நாள் 4, 5 பேரிடம் மட்டும் அந்தப் பெயரில் இருந்து பாருங்கள். தூரத்திலிருந்து கத்திக் கூப்பிடச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுங்கள். முன்பின் தெரியாதவரிடம் போனில் சொல்லுங்கள். திரும்பிப் பார்க்கத் தோன்றினால் அது உங்கள் பெயர்தான். (இதைப் படிக்கும் திருநர்களுக்கு இந்தத் தாமத ஆலோசனை பொருந்தாது. அவர்கள் தேர்ந்த பெயரால் அழைக்கப்படுவதே பெரிய ஆறுதல்.)

பெயரைக் கடந்து உங்கள்மேலேயே வெறுப்பு வந்து, தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, இந்தப் பயிற்சிகளை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரை உடனே நேரில் பாருங்கள்.

நோட்டை நாளைக் காலையிலிருந்து தொடங்குங்கள். 7 நாள் முடிந்ததும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம், எண்களும் யார் கூப்பிட்டது என்பதும் போதும்.