பூட்டிலிருந்து நாற்காலி வரை: சைக்கிள் பந்தயக் கேள்வி பதில்

கேள்வி அனுப்பச் சொன்னதும் இத்தனை வருமென்று நினைக்கவில்லை. நான் வேளச்சேரிவாசி, வயது நாற்பத்தாறு, ஒன்பது ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவ்வப்போது ஒரு விளையாட்டு நடத்துகிறோம். ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே இடத்துக்குப் போக வேண்டும், ஆளுக்கொரு வாகனம். கடைசியாக வருகிறவர் டீ வாங்கித் தர வேண்டும். என் தகுதி அவ்வளவுதான்.

போரூரிலிருந்து: அண்ணா, சத்தியமாகச் சொல்லுங்கள். சைக்கிள் காரை முந்துமா? மேப்பில் போட்டுப் பார்த்தால் எப்போதும் கார்தான் குறைந்த நேரம் காட்டுகிறது.

மேப் பொய் சொல்லவில்லை, பாதிக் கதையைச் சொல்கிறது. கார் ரோட்டில் ஓடும் நேரம் மட்டும்தான் அதன் கணக்கில் வரும்.

பெங்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனம் 2022-க்கு வெளியிட்ட கணக்கில், அந்த ஊரின் மையப் பகுதியில் 10 கிலோமீட்டர் போக ஒரு காருக்குச் சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி. அந்தப் பட்டியலில் அதைவிட மெதுவான ஊர் லண்டன் மட்டும்தான், 36 நிமிடம் 20 விநாடி. சைக்கிளுக்கு, சிக்னலில் நிற்பதையும் சேர்த்து, மணிக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தால் அதே தூரம் முப்பத்தேழரை நிமிடம். பெங்களூரில் கார் எட்டு நிமிடம் முன்னால் இருக்கிறது.

இப்போது மீதிக் கதை. கேட்டைத் திறக்க வேண்டும், காரை வெளியே எடுக்க வேண்டும், இறங்கிவந்து கேட்டைச் சாத்த வேண்டும். போன இடத்தில் பார்க்கிங் தேட வேண்டும், தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் விட்டுவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். இதற்கு எட்டு நிமிடம் சர்வசாதாரணமாக ஆகும். ஆக, பத்து கிலோமீட்டரில் ஆட்டம் சமம். ஐந்து கிலோமீட்டர் என்றால் ரோட்டில் காருக்குக் கிடைக்கும் லாபம் நாலு நிமிடமாகக் குறைந்துவிடும். பார்க்கிங் நேரமோ அப்படியே இருக்கும். அதனால்தான் தூரம் குறையக் குறையச் சைக்கிள் ஜெயிக்கிறது. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் என்னோடு பந்தயம் கட்டாதீர்கள், டீ என் செலவாகிவிடும்.

அடையாறிலிருந்து: விதிமுறை என்ன? சைக்கிள்காரர்கள் சிக்னலை மதிக்காமல், எதிர்த் திசையில் புகுந்துதானே ஜெயிக்கிறீர்கள்?

குத்தலான கேள்வி, ஆனால் நியாயமானது. எங்கள் நண்பர் ஒருவரின் வெற்றியை இதற்காகவே ரத்து செய்திருக்கிறோம். சர்வீஸ் ரோட்டில் நூறு மீட்டர் எதிர்த் திசையில் வந்தார். "எல்லாரும் வருகிறார்கள்" என்றார். டீ வாங்க வைத்தோம்.

எங்கள் முதல் விதி, வீட்டுக் கதவைப் பூட்டும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், போன இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நிற்கும். இரண்டாவது விதி, சைக்கிள்காரர் முகம் கழுவி, சட்டை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். பல ஊர்ப் பந்தயங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். அந்த வெற்றியை நான் முழு வெற்றியாக ஏற்பதில்லை. வியர்வை சொட்டச் சொட்ட மீட்டிங்கில் போய் உட்கார முடியுமா?

மந்தைவெளியிலிருந்து: நீங்கள் நடத்தியதில் ஒன்றை முழுசாகச் சொல்லுங்களேன் சார்.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வேளச்சேரியில் என் வீட்டு வாசலிலிருந்து மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவின் சிமென்ட் பெஞ்ச் வரை. பத்து கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சைக்கிள், ஸ்கூட்டர், கார், பறக்கும் ரயில், பஸ் என ஐந்து பேர்.

நான் குருநானக் கல்லூரி வழியாக ஏறி, ராஜ்பவன் தாண்டி சர்தார் படேல் சாலையைப் பிடித்தேன். அங்கே ஐஐடி பக்கம் மரநிழல் உண்டு. நிழலில் வேகம் தானாகக் கூடும், வெயிலில் கால் தானாக அடங்கும். மத்திய கைலாஷ் சிக்னலில் பார்த்தால் எங்கள் கார்க்காரர் எனக்கு முன்னால் இருபது வண்டிகள் தள்ளி நிற்கிறார். ஓரமாக நகர்ந்து அவர் கண்ணாடியைத் தட்டினேன். ஏசியைக் குறைத்துவிட்டு ஏதோ திட்டினார், கேட்கவில்லை. அடையாறு தாண்டியதும் மறுபடி அவர் முந்தினார். ஆனால் லஸ் வந்த பிறகு கார் விட இடம் தேடி இரண்டு சுற்று சுற்றினார்.

ரயில்காரர் கதைதான் பாவம். வண்டிக்குள் அவர் இருந்தது இருபது நிமிடத்துச் சொச்சம்தான். ஆனால் பிளாட்பாரத்துக்கு ஏறும்போது ஒரு ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது, அடுத்ததற்குப் பன்னிரண்டு நிமிடம். திருமயிலையில் இறங்கி, அந்தப் பிரம்மாண்ட ஸ்டேஷனின் படிகளை எண்ணிக்கொண்டே கீழே வந்து, பூங்காவுக்கு நடந்தார்.

ஸ்கூட்டர் 34 நிமிடம். நான் பூங்காக் குழாயில் முகம் கழுவியதையும் சேர்த்து 43. ரயில் 47, கார் 52. பஸ்காரர் அடையாறில் மாறி ஏறி வந்தது 71-வது நிமிடத்தில். அவரே டீயும் வாங்கினார்.

மதுரையிலிருந்து: அப்போ ஸ்கூட்டரை ஜெயிக்கவே முடியாதா?

முடியாது. வெளிநாட்டுப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் காரையே எதிரியாக நினைக்கிறார்கள். நம் ஊரில் நிஜமான போட்டியாளர் டூவீலர்தான். சைக்கிள் நுழையும் சந்தில் அதுவும் நுழையும், சைக்கிள் நிற்கும் மூலையில் அதுவும் நிற்கும், மிதிக்கவும் வேண்டாம். இரண்டு கிலோமீட்டருக்குள் என்றால் மயிரிழையில் சமமாகலாம். அதற்கு மேல் கையைத் தூக்கிவிட வேண்டியதுதான். ஆனால் கோவைக்காரர் கேள்வியையும் பாருங்கள், கீழே இருக்கிறது.

அண்ணா நகரிலிருந்து: அமெரிக்காவில் சைக்கிள் ஒரு விமானத்தையே தோற்கடித்ததாமே, வாட்ஸ்அப் கதையா?

நடந்ததுதான். 2011 ஜூலையில், ஒரு பாலத்தை இடிப்பதற்காக லாஸ் ஏஞ்சலஸின் 405 நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை ஒரு வார இறுதி முழுக்க மூடினார்கள். ஊரே ஸ்தம்பிக்கும் என்று பேச்சு. ஜெட்புளூ நிறுவனம் அதை விளம்பரமாக்கி, பர்பேங்க்கிலிருந்து லாங் பீச்சுக்கு 4 டாலருக்கு டிக்கெட் விற்றது. வுல்ஃப்பேக் ஹஸில் என்ற சைக்கிள் குழு, "நாங்கள் அதைவிடச் சீக்கிரம் போவோம்" என்று கிளம்பியது. அறுபது கிலோமீட்டருக்கு மேல் உள்ள தூரத்தை ஒரு மணி 34 நிமிடத்தில் மிதித்து முடித்தார்கள். விமானப் பயணி வந்து சேர்ந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தி. விமானம் வானத்தில் இருந்தது சில நிமிடங்கள்தான். விமான நிலையத்துக்குப் போவதும், முன்கூட்டியே போய்க் காத்திருப்பதும், இறங்கி டாக்சி பிடிப்பதும் அதைக் கவிழ்த்துவிட்டன. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. சாதாரண மெட்ரோ ரயிலில் வந்தவரும் விமானத்தை முந்தினார்!

ஆனால் அந்தச் சைக்கிள் ஆட்கள் நம்மைப் போன்றவர்கள் இல்லை. மணிக்கு 39 கிலோமீட்டர் சராசரி. ஒருவர் பின் ஒருவராகக் காற்றை மறைத்துக்கொண்டு போகும் பந்தய வீரர்கள். நானும் நீங்களும் போயிருந்தால் விமானம் ஜெயித்திருக்கும்.

இதைவிட நம்பத்தகுந்தது லண்டன் பந்தயம். 2007-ல் பிபிசியின் கார் நிகழ்ச்சி ஒன்றே நடத்தியது. நகரின் மேற்கே கியூவிலிருந்து கிழக்கே சிட்டி விமான நிலையம் வரை. முதலில் சைக்கிள், அடுத்து தேம்ஸ் நதியில் வந்த விசைப்படகு, மூன்றாவது பொதுப் போக்குவரத்து, கடைசியில் கார். கார்க்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கோவையிலிருந்து: நேரம் மட்டும் போதுமா சார்? வண்டி வாங்கச் சம்பாதித்த நேரத்தை எந்தக் கடிகாரத்தில் சேர்ப்பது?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ. இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர் 1970-களில் இதே கணக்கைப் போட்டார். சராசரி அமெரிக்கர் காரை ஓட்டவும், அதற்கான பணத்தைச் சம்பாதிக்கவும் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் போகிறார் என்றார். வகுத்தால் மணிக்கு ஐந்து மைல் கூடத் தேறாது. வேகமாக நடந்தாலே கிட்டத்தட்ட அந்த வேகம் வரும்.

நம் ஸ்கூட்டருக்கு நானே போட்டுப் பார்த்தேன். மாதம் 20,000 சம்பளம், 200 மணி நேர வேலை, ஆக மணிக்கு 100 ரூபாய். தவணை 3,000, பெட்ரோல் 1,400, சர்வீஸும் இன்சூரன்ஸும் 600 என்றால் மாதம் 5,000. அதைச் சம்பாதிக்க 50 மணி நேரம். மாதம் 600 கிலோமீட்டரை மணிக்கு 22 வீதம் ஓட்ட 27 மணி நேரம். மொத்தம் 77. வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கும் கீழே! சைக்கிளுக்குப் பராமரிப்பு மாதம் 300 ரூபாய், அதாவது மூன்று மணி நேரம். மிதிக்க முப்பத்தேழரை மணி நேரம். வேகம் கிட்டத்தட்ட 15. தவணை முடிந்த பிறகும் ஸ்கூட்டர் 13-ஐத் தாண்டாது. சம்பளம் கூடினால் கணக்கு மாறும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்புறம், தாமதமாகப் போனால் மேனேஜரிடம் இல்லிச்சைச் சொல்லிப் பயனில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: உங்கள் பந்தயமெல்லாம் நகரத்துக்குத்தான். கிராமத்தில் டிராஃபிக்கே இல்லையே, சைக்கிள் எப்படி ஜெயிக்கும்?

டீச்சர், கிராமத்தில்தான் சைக்கிள் மிகப் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கிறது. அங்கே போட்டி டவுன் பஸ்ஸோடு. பஸ் மணிக்கு முப்பதில் ஓடலாம். ஒரு நாளைக்கு நாலு தடவைதான் வருகிறது என்றால் வேகத்தை வைத்து என்ன செய்வது? ஏழே காலுக்கு விட்டால் அடுத்தது ஒன்பதரை. எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குச் சைக்கிளில் அரை மணி நேரம், எப்போது கிளம்பினாலும் அரை மணி நேரம்.

உங்கள் மாவட்டத்துக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், நர்சுகள் என ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கோ, கொண்டுபோய் விட ஒரு ஆணுக்கோ காத்திருந்த நேரம் அவர்கள் கைக்கு வந்தது. அரசின் இலவச சைக்கிளும் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்றுதான் தொடங்கியது, பிறகுதான் எல்லாருக்கும் விரிந்தது. காத்திருக்கும் நேரத்தை யார் அதிகம் சுமக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால் அந்த வரிசை புரியும்.

தாம்பரத்திலிருந்து: நான் பெண், மாலை ஏழு மணிக்குத் திரும்ப வேண்டும். குறுக்கு வழியில் போனால் நேரம் மிச்சம், ஆனால் இருட்டு.

குறுக்கு வழி வேண்டாம். என் தங்கைக்கும் இதே சிக்கல். கடைத்தெரு வெளிச்சம் உள்ள சுற்று வழியில் அவள் நாலு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறாள். எங்கள் பந்தயத்தில் அந்த நாலு நிமிடத்தை அவள் கணக்கில் கழித்துவிடுவோம் என்றேன். "கழிக்க வேண்டாம், அப்படியே எழுது, எல்லாரும் பார்க்கட்டும்" என்றாள். செயினுக்கு முழு மூடி போட்டுக்கொள்ளுங்கள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், பின்னால் சிவப்பு விளக்கு அவசியம்.

பெரம்பூரிலிருந்து: கியர் சைக்கிள் வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்?

நீங்கள் நினைப்பதில் பாதி கூட இல்லை. சமதளமான சென்னையில் சிக்னல்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. முதலில் டயரில் காற்று இருக்கிறதா பாருங்கள். நான் பார்க்கிற பத்து சைக்கிளில் ஏழு, அழுத்தினால் அமுங்குகிற டயரோடு ஓடுகிறது. வாரம் ஒருமுறை பஞ்சர் கடையில் காற்று அடித்தாலே புதுச் சைக்கிள் வாங்கியது போல இருக்கும்.

சைதாப்பேட்டையிலிருந்து: பேட்டரி சைக்கிளை உங்கள் பந்தயத்தில் சேர்ப்பீர்களா?

சேர்ப்போம், தனி வரிசையில். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரம்புக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். ஸ்கூட்டரோடு மோத இதற்குத்தான் கொஞ்சமாவது தெம்பு உண்டு. சட்டையும் நனையாது.

ஆலந்தூரிலிருந்து: மெட்ரோ?

விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோவோடு மோதுகிறவன் முட்டாள். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், அப்புறம் மெட்ரோ. இந்தக் கூட்டணியை ஸ்கூட்டர்கூட நீண்ட தூரத்தில் ஜெயிக்கத் திணறும்.

பள்ளிக்கரணையிலிருந்து: நவம்பர் மழையில்?

மழையில் பந்தயம் கிடையாது. தேங்கிய தண்ணீருக்குக் கீழே மூடி இல்லாத பள்ளம் இருக்கலாம். இறங்கித் தள்ளுங்கள், அல்லது லீவு போடுங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நடந்து வந்து கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நீங்கள் ஜெயிக்கவே வாய்ப்பு உண்டு. நான் பூட்டைத் திறந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்து வண்டியை இழுத்து வெளியே கொண்டுவருவதற்குள் பாதித் தூரம் போயிருப்பீர்கள். அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கிளம்பி, ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோடு வரை போவோம். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறேன். டீக்குச் சில்லறை எடுத்து வைத்துவிட்டேன்.