95.5 மில்லியனுக்குள் ஓர் அணி: என்.எச்.எல். சம்பள வரம்பு கேள்வி பதில்

கேள்விகளுக்குள் போகுமுன், என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் அடிப்படைக் கணக்கு. 2025-26 சீசனில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 95.5 மில்லியன் டாலர், குறைந்தபட்சம் 70.6 மில்லியன். பட்டியலில் 23 பேர் இருக்கலாம். ஓர் ஆட்டத்தில் 20 பேர் இறங்குவார்கள். ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்தால் வரும் சராசரிதான் வரம்புக் கணக்கில் ஏறும். அந்த வருடம் வீரரின் கைக்கு உண்மையில் எவ்வளவு போகிறது என்பது வேறு கணக்கு. ரசிகர்களின் பாதிச் சண்டை இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வருகிறது.

எட்மன்டன் ரசிகர்: 2024, 2025 இரண்டு இறுதிப் போட்டியிலும் ஃபுளோரிடாவிடம் தோற்றோம். அங்கே மாநில வருமான வரி கிடையாது. அந்தச் சலுகை இல்லாமல் பென்னெட், எக்பிளாட், மார்ஷண்ட் மூவரையும் அவர்களால் வைத்துக்கொள்ள முடிந்திருக்குமா?

வரி ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன். ஆல்பர்ட்டாவில் உச்ச வரி விகிதம் 48 சதவீதம், ஒன்டாரியோவில் 53-ஐத் தாண்டும், அமெரிக்காவின் மத்திய வரி 37-இல் நிற்கும். 2025 கோடையில் பென்னெட் 8 மில்லியன், எக்பிளாட் 6.1, மார்ஷண்ட் 5.25 என்று கையெழுத்திட்டார்கள். எக்பிளாட் அதுவரை வாங்கியது 7.5. வரிச் சலுகையும் கோப்பையும் சேர்ந்து தந்த தள்ளுபடி அது.

ஆனால் அந்த அணி உருவானது வரியால் அல்ல. ஃபோர்ஸ்லிங்கை 2021 ஜனவரியில் கரோலினா வெய்வரில் (மற்ற எந்த அணியும் ஈடு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற பட்டியல்) விட்டபோது சும்மா எடுத்தார்கள். வெர்ஹேகியைத் தம்பா விட்டுவிட, 2020-இல் வருடம் 1 மில்லியனுக்கு எடுத்தார்கள். கால்கரியில் மங்கிக் கிடந்த பென்னெட்டுக்குக் கொடுத்தது டிராஃப்டில் (புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வும் ஹைனமான் என்ற இளம் வீரரும். மாண்டூருக்கு ஒரு மூன்றாம் சுற்று. ரைன்ஹார்ட்டுக்கு ஒரு முதல் சுற்றும் கோல்கீப்பர் டெவன் லீவையும். இதில் எந்த இடத்தில் வரி வருகிறது?

டென்னசியிலும் மாநில வருமான வரி இல்லை. 2024 ஜூலை 1 அன்று நாஷ்வில் ஸ்டாம்கோஸ், மார்ஷெஸோ, ஷே மூவரையும் ஒரே நாளில் வளைத்துப் போட்டது. அந்த சீசனில் பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வாசலைக்கூட மிதிக்கவில்லை.

ஸ்காபரோவிலிருந்து லீஃப்ஸ் (டொராண்டோ அணி) ரசிகர்: அண்ணை, நாலு பேருக்குப் பாதிக் காசைக் குடுத்ததுதான் எங்கட பிழை எண்டு எல்லாரும் சொல்லுகினம். உண்மையோ?

முதலில் கணக்கு. மேத்யூஸ் 11.64, டவாரஸ் 11, மார்னர் 10.9, நைலாண்டர் 6.96. கூட்டினால் 40.5 மில்லியன். அப்போதைய வரம்பு 81.5, ஆகப் பாதி என்பது சரிதான்.

அந்த ஒப்பந்தங்கள் போட்டபோது வரம்பு வருடா வருடம் ஏறும் என்று எல்லா அணிகளும் நம்பின. கோவிட் வந்து 2019-20 முதல் 2021-22 வரை 81.5-லேயே நின்றுவிட்டது. அது யார் பிழையுமில்லை. பிழை வேறு இரண்டு இடத்தில் நடந்தது.

ஒன்று, ஆண்டுகள். மேத்யூஸுக்கு 2019-இல் போட்டது ஐந்து வருட ஒப்பந்தம். சுதந்திர வீரராகும் (விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற) வயதுக்குப் பிறகான வருடங்களில் ஒரே ஒன்றைத்தான் டொராண்டோ அதில் வாங்கியது. விலையோ எட்டு வருடத்துக்குக் கொடுக்கிற விலை. மெக்கினனைக் கொலராடோ 2016-இல் ஏழு வருடத்துக்கு 6.3 மில்லியனில் கட்டிப்போட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு, நோ-மூவ். மார்னரின் ஒப்பந்தத்தில் அது உயிர்பெற்ற நாளிலிருந்து, அவர் சம்மதமில்லாமல் அசைக்க முடியாது. கடைசியில் 2025-இல் வேகஸ் அவருக்கு 12 மில்லியன் வீதம் எட்டு வருடம் கொடுத்தது. டொராண்டோவுக்கு மிஞ்சியது நிக்கோலா ருவா மட்டும். நூறு புள்ளி (கோலும் கோலுக்கான உதவியும் சேர்த்து) எடுத்த ஆட்டக்காரருக்கு ஈடாக மூன்றாம் வரிசை சென்டர்!

நட்சத்திரத்துக்குக் கொடுத்த காசு அணியைக் கவிழ்ப்பது குறைவு. 4-லிருந்து 6 மில்லியன் வரை வாங்கிக்கொண்டு, ஐந்தாறு வருடமும் நோ-மூவும் வைத்திருக்கும் நடுத்தர வீரர்கள்தான் கவிழ்ப்பார்கள். அவர்களுடைய வேலையை 1 மில்லியன் வாங்கும் ஒரு பையன் செய்துவிடுவான். மேத்யூஸின் வேலையைச் செய்ய ஆள் இல்லை.

மினசோட்டா ரசிகர்: பை-அவுட் என்றால் பாதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்றுதான் நினைத்தேன். சூட்டர், பரீசே போன பிறகும் ஏன் இத்தனை வருடம் அழுகிறோம்?

பாதி இல்லை. வீரருக்கு 26 வயது நிரம்பியிருந்தால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குக் கீழே என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொகையை மீதமிருக்கும் வருடங்களைப் போல இரண்டு மடங்கு காலத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இன்னும் நாலு வருடம் இருக்கிறது. சம்பளம் வருடம் 5 மில்லியன், வரம்புக் கணக்கில் 6 மில்லியன். மீதிச் சம்பளம் 20. மூன்றில் இரண்டு பங்கு 13.33, எட்டு வருடத்துக்குப் பிரித்தால் 1.67. ஆக இந்த வருடம் அணி மிச்சம் பிடிப்பது 5-லிருந்து 1.67 போக 3.33. அதை 6-லிருந்து கழித்தால் 2.67. முதல் நாலு வருடம் 2.67, அடுத்த நாலு வருடம் 1.67 கணக்கில் நிற்கும்.

இதிலிருந்தே உங்கள் அணியின் கதை புரியும். 2012 ஜூலை 4 அன்று இருவருக்கும் 13 வருடம், 98 மில்லியன். கணக்கில் ஆளுக்கு 7.54. ஆனால் பணத்தின் பெரும்பகுதியை முதல் வருடங்களிலேயே கொடுத்துவிட்டார்கள். கடைசி வருடங்களில் சம்பளம் 1, 2 மில்லியன்தான். சம்பளமே சொற்பமாக இருக்கும்போது பை-அவுட்டில் மிச்சம் என்ன வரும்? அதனால்தான் 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் இருவருக்குமாக 14.74 மில்லியன் செத்த பணமாக நின்றது. 2024-25-இல் வரம்பு 88. ஆறில் ஒரு பங்கு போச்சு. 2025-26 முதல் 2028-29 வரை வருடத்துக்கு இருவருக்கும் சேர்த்தே 1.67தான்.

இன்னொரு பொறி, கையெழுத்துப் போனஸ். பை-அவுட் அதைத் தொடாது, முழுசாகக் கட்டியே தீர வேண்டும். ஒப்பந்தத்தில் போனஸ் 80, 90 சதவீதம் என்று கண்டால், அந்த வீரரை வாங்கி அனுப்பவே முடியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்மன்டன் ரசிகர், மறுபடியும்: சென்ட் லூயிஸ் எங்கள் இரண்டு பையன்களைத் தூக்கிய விதம் நியாயமா?

நியாயம் இருக்கட்டும், வேலை சுத்தம். 2024 ஆகஸ்டில் புரோபெர்குக்கு வருடம் 45,80,917 டாலர், ஹாலோவேக்கு வருடம் 22,90,457 டாலர், இருவருக்கும் இரண்டு வருட ஆஃபர் ஷீட் (ஒப்பந்தம் முடிந்த இளம் வீரருக்கு வேறோர் அணி நீட்டும் ஒப்பந்தம்; பழைய அணி அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கலாம், இல்லையென்றால் இழப்பீடு வாங்கிக்கொள்ளலாம்). அந்த விசித்திரமான எண்களைக் கவனியுங்கள். முதலாவது, இரண்டாம் சுற்றுத் தேர்வு மட்டும் இழப்பீடாகக் கொடுக்க வேண்டிய படியின் உச்சி. இரண்டாவது, மூன்றாம் சுற்றுப் படியின் உச்சி. ஒரு டாலர் கூடியிருந்தாலும் அடுத்த படிக்குப் போய் இழப்பீடு ஏறியிருக்கும். இழப்பீட்டுக்கு அணியின் சொந்தத் தேர்வுதான் செல்லும் என்பதால், பிட்ஸ்பர்க்கிடம் போயிருந்த தன் இரண்டாம் சுற்றை முதலில் திரும்ப வாங்கிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

எட்மன்டனுக்கு ஏழு நாள் அவகாசம். இருவரையும் தக்கவைக்க 6.87 மில்லியன் வேண்டும். கோடைத் தொடக்கத்திலேயே கையிருப்பை மூத்த வீரர்களுக்குச் செலவழித்தாயிற்று. ஹாலோவே அடுத்த சீசனில் 63 புள்ளி எடுத்தார்.

தடுக்கும் வழி சிக்கலானதல்ல: ஜூலை 1-க்கு முன் கையெழுத்து வாங்கு, இல்லையென்றால் அதற்கான இடத்தைக் காலியாக வை.

தம்பா எதிரி: எல்டிஐஆர் (நீண்டகாலக் காயப் பட்டியல்) மோசடியை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறார்களே, முழுக்க ஒழிந்ததா?

மோசடி என்ற சொல் அதிகம், அன்றைய விதியில் அது அனுமதிக்கப்பட்டதுதான். குச்செரோவ் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு 2020-21-இன் 56 ஆட்டங்களையும் தவறவிட்டு, பிளேஆஃபில் வந்து 32 புள்ளி எடுத்தார். கோப்பை ஊர்வலத்தில் ‘வரம்புக்கு மேல் 18 மில்லியன்’ என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு வேறு நின்றார். மற்ற அணிகளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்!

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது: காயமடைந்தவரின் தொகை கணக்கிலிருந்து நீங்குவதில்லை. அது அப்படியே நிற்கும், அணி வரம்பைத் தாண்டிச் செல்ல அனுமதி கிடைக்கும், அவ்வளவுதான். எவ்வளவு தாண்டலாம் என்பது அவரைப் பட்டியலில் போடும் நாளன்று அணி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 8 மில்லியன் வீரரைப் போடும்போது 1 மில்லியன் காலியாகக் கிடந்தால், தாண்டக் கிடைப்பது 7தான். அதனால்தான் அந்த ஒரு நாளுக்கு மட்டும் கீழ் லீகிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, சில ஆயிரம் டாலர்வரை வரம்பை ஒட்டி நிரப்பி, காகிதம் போனதும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குறைந்தது 10 ஆட்டமும் 24 நாளும் வீரர் வெளியே இருக்க வேண்டும்.

2025-26-இல் இரண்டு பூட்டுகள் வந்தன. அதே சீசனிலோ பிளேஆஃபிலோ திரும்பக்கூடிய வீரர் என்றால், தாண்டலாம் என்ற தொகை முந்தைய சீசனின் சராசரிச் சம்பளத்தோடு நின்றுவிடும், ஏறக்குறைய 3.8 மில்லியன். முழுத் தொகையும் வேண்டுமென்றால் அவர் பிளேஆஃபுக்கும் சேர்த்து வெளியே. அதைவிடப் பெரிய பூட்டு, பிளேஆஃபில் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறங்கும் 20 பேரின் கூட்டுத்தொகை வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது. ஆனால் இறங்காதவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆக நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, எதிரணியைப் பார்த்து யாரை வெளியே உட்காரவைப்பது என்று தீர்மானிக்கும் வசதி இன்னும் இருக்கிறது.

கேள்வி: அக்டோபரில் 1 மில்லியன்தான் கையிருப்பு என்றார்கள். மார்ச்சில் 4.5 மில்லியன் வீரரை எப்படி வாங்கினார்கள்?

வரம்பு நாள் கணக்கில் ஓடுகிறது. 2025-26 சீசன் 192 நாள். வீரர்களைக் கைமாற்றுவதற்கான மார்ச் 6 காலக்கெடுவன்று மீதி 42 நாள். அதுவரை அந்த 1 மில்லியனைத் தொடவில்லையென்றால், 42 நாளுக்கு 1 மில்லியன் செலவழிக்கலாம். வருடக் கணக்கில் அது 192-ஐ 42-ஆல் வகுத்தது, சுமார் 4.57 மில்லியன். எல்டிஐஆரில் ஒரு காலை வைத்த அணிக்கு இந்தச் சேமிப்பு கிடையாது.

விற்கும் அணி பாதிவரை சம்பளத்தைத் தானே சுமக்கலாம் என்பது இதோடு சேரும். 2025 ஜனவரியில் ரன்டானென் கரோலினாவுக்குப் போனபோது, அவருடைய 9.25-இல் பாதியை இடையில் நின்ற சிகாகோ ஏற்றது. ஓர் அணி ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தங்களுக்கு மேல் இப்படிச் சுமக்க முடியாது. முன்பெல்லாம் ஒரே நாளில் மூன்றாவது அணியைத் தரகராக நிறுத்தி, கால் பங்குவரை இறக்குவார்கள். இப்போது முதல் சுமைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 75 நாள் இடைவெளி வேண்டும். காலக்கெடு வாரத்துத் தரகு வேலை படுத்துவிட்டது.

கொலராடோ ரசிகர்: ரன்டானெனை விற்றது சரியா தவறா? டல்லஸ்காரர்கள் வாயைத் திறந்தாலே அதுதான் பேச்சு.

2025 ஜனவரி 24 அன்று விற்றார்கள். மெக்கினன் 12.6 வாங்குகிறார், அவரைத் தாண்டி யாருக்கும் கொடுப்பதில்லை. மகாரின் 9 மில்லியன் ஒப்பந்தம் 2027-இல் முடிகிறது. அந்தக் கணக்கில் அது புரியக்கூடிய முடிவு. ஒரே வாரத்தில், ஜனவரி 31 அன்று, லீக் அடுத்த மூன்று சீசன் வரம்பை அறிவித்தது: 95.5, 104, 113.5.

மார்ச்சில் டல்லஸ் அவரை வாங்கி 12 மில்லியனுக்கு எட்டு வருடம் போட்டது. முதல் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், மூன்றாம் பகுதியில் ஹாட்ரிக் அடித்துக் கொலராடோவை வீட்டுக்கு அனுப்பினார். அவருக்குப் பதிலாக வந்த நெச்சாஸுக்கு அதே வருடம் அக்டோபரில் நீங்கள் கொடுத்தது 11.5. மிச்சம் பிடித்தது அரை மில்லியன், கூடவே இரண்டு வயது இளமை. விற்றதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அவசரம் என்று சொல்வேன்.

டல்லஸ்காரர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். அந்த 12 மில்லியனுக்கு இடம் பண்ண, மார்ச்மென்டைத் தேர்வுகளுக்காக சியாட்டிலுக்கு விற்றார்கள். 3.75 மில்லியன் டம்பாவை பிட்ஸ்பர்க் எடுத்துக்கொள்ள ஓர் இரண்டாம் சுற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சம்பளத்தைத் தள்ளிவிடுவதற்கே விலை உண்டு.

கேள்வி: குறைந்தபட்ச வரம்பால் யாருக்காவது லாபம் உண்டா?

உண்டு. 2016-இல் ரஷ்யா திரும்பிய டட்சியூக்கின் 7.5 மில்லியனை அரிசோனா டெட்ராய்டிடமிருந்து ஏற்றது. ஒரு டாலர் சம்பளமும் கொடுக்காமல் கீழ் எல்லையைத் தொட்டது. அதற்குக் கூலியாக டிராஃப்டில் 20-லிருந்து 16-ஆம் இடத்துக்கு ஏறி, சைக்ரனை எடுத்தது.

கேள்வி: மினசோட்டாவின் கப்ரிசோவுக்கு வருடம் 17 மில்லியன்! சந்தை பைத்தியமாகிவிட்டதா?

டாலரைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள். அந்த ஒப்பந்தம் தொடங்கும் 2026-27-இல் வரம்பு 104. பங்கு 16.3 சதவீதம். மெக்டேவிட் 2017-இல் 12.5-க்குக் கையெழுத்திட்டபோது வரம்பு 75, பங்கு 16.7. ஒரு வீரருக்கு வரம்பில் 20 சதவீதம்வரை கொடுக்கலாம் என்பது விதி.

கவலைப்பட வேண்டியது அடுத்த படியில் இருப்பவர்களைப் பற்றி. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய ஒப்பந்த விதிகளில் சொந்த வீரருக்கு ஏழு வருடம், வெளியாளுக்கு ஆறு வருடம்தான் உச்சம். முன்பு எட்டும் ஏழும். கடைசி இரண்டு வருடத்தை ஒட்டவைத்துச் சராசரியைக் குறைக்கும் வித்தை பலவீனப்படுகிறது. ஆகவே 5 மில்லியன் வீரர் 6 கேட்பார்.

கேள்வி: என் அணியின் கணக்கை நானே பார்க்க எங்கே தொடங்குவது?

சம்பளக் கணக்கைக் காட்டிய கேப்ஃபிரெண்ட்லி தளத்தை 2024-இல் வாஷிங்டன் அணி வாங்கி மூடிவிட்டது. இப்போது அதே வேலைக்குப் பக்பீடியா தளம் போதும். முதலில் இல்லாத வீரர்களுக்கு நிற்கும் தொகை. அடுத்து நோ-மூவ் எத்தனை பேரிடம். பிறகு 25 வயதுக்குக் கீழே யாருடைய ஒப்பந்தம் இந்தக் கோடையில் முடிகிறது, அந்த நேரத்தில் எவ்வளவு காலி. கீழ் லீகுக்கு அனுப்பினால் முழுத் தொகையும் மறையும் என்று எண்ண வேண்டாம். 2025-26-இல் கழிவது 1.15 மில்லியன்வரைதான், மீதி அப்படியே உங்கள் தலையில்.